கவிழாத ஹெலிகாப்டர்

சுமலதாவுக்கு ஹெலிகாப்டர் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த இரண்டறை வீட்டில் கொஞ்ச காலமாக வேறு பேச்சே கிடையாது. பல் தேய்க்கும்போது அது, சோற்றில் ரசம் ஊற்றும்போது அது, விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் அது. ஒரு ஹெலிகாப்டரைக் கிட்டத்தில்கூடப் பார்த்திராத அவளுக்கு, எதில் எத்தனை பேர் உட்காரலாம், எதன் வால் விசிறியைச் சுற்றி வளையம் உண்டு, எதற்குள் ஆள் நிமிர்ந்து நிற்கலாம் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டராகவே ஆகியிருப்பேன் என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக் குமைந்தாள்.

எல்லாம் அவள் வீட்டுக்காரன் மாதவனால் வந்த வினை. சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவன் அவன். கூரையோடு ஓடும் பெரிய கிரேன்கள் அவன் கை பட்டால் சொன்ன பேச்சு கேட்கும். போன ஆடியில் முதலாளி அந்த யூனிட்டையே மூட்டை கட்டி வடக்கே கொண்டுபோனார். கிரேன்கள் லாரியில் ஏறிப் போயின. மாதவன் வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நாளாக ஆக ஆளே சுருங்கிப் போனான். ஷேவிங் செய்துகொள்வதை விட்டான், தெருமுனைக்குப் போவதை விட்டான். பிறகு ஒருநாள் அவனாகவே தேடிப்பிடித்து, கடலுக்கு நடுவே எரிவாயு எடுக்கிற மேடையில் கிரேன் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பம் போட்டான். சென்னையில் இன்டர்வியூ. தேறிவிட்டான். ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில். அன்றைக்குச் சுமலதா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

கம்பெனி மெயிலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. மும்பைப் பக்கத்துக் கடலிலும் இடம் இருக்கிறது, காக்கிநாடா பக்கத்துக் கடலிலும் இடம் இருக்கிறது, உங்களுக்கு எது வசதி? ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் பெட்டி கட்ட வேண்டிய விஷயம். ஆனால் கரையிலிருந்து மேடைக்கு ஆட்களை ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோவார்கள் என்றும், மேற்கே ஒரு ரகம் கிழக்கே இன்னொரு ரகம் என்றும் அந்த மெயிலில் யாரோ புண்ணியவான் எழுதித் தொலைத்திருந்தான். மேற்கே ஒன் தேர்ட்டி நைன். கிழக்கே நைன்ட்டி டூ. அன்று பிடித்தது சனி.

ஓசூர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இரண்டு சக்கர வண்டி தயாராகிற ஊர் இது. இங்கே பைக் வாங்க நினைக்கிறவன் நேராக ஷோரூமுக்குப் போகமாட்டான். அந்த வண்டிக்கு எஞ்சின் மாட்டுகிறவன் பக்கத்துத் தெருவில் இருப்பான், பெயின்ட் அடிக்கிறவன் மச்சானாக இருப்பான், டெஸ்ட் டிராக்கில் ஓட்டுகிறவன் டீக்கடையில் நிற்பான். ஒவ்வொருவனாகப் பிடித்து விசாரித்து, ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் சொல்லி, அவன் சொன்ன குறையைத் திரும்ப முதலாமவனிடம் கொண்டுபோய், முடிவெடுக்கிற நேரத்தில் புது மாடல் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. மாதவன் ஹெலிகாப்டரையும் அந்த வழியிலேயே பிடித்தான். அதை அவனிடம் யாரும் விற்கவில்லை, ஏறி உட்காரத்தான் சொன்னார்கள் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

"சுமா, இங்க பாரேன். ஒன் தேர்ட்டி நைன்ல பன்னெண்டு பேருதான். சின்ன வண்டி, ஆனா கதவு பெருசு. நைன்ட்டி டூவுல பத்தொம்பது பேரு. நடுவுல நடக்க வழி இருக்கு, பஸ் மாதிரி."

"அப்ப பஸ்ஸுலயே போங்க" என்றாள் அவள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

"வெளையாடாத. பஸ் மாதிரி இருந்தா ஜன்னலோரம் எல்லாருக்கும் கெடைக்காது இல்ல?"

"ஜன்னலோரம் ஒக்காந்து வேடிக்க பாக்கவா சம்பளம் குடுக்கறாங்க?"

மாதவன் போனைத் தேய்த்தான். மறுநாள் ஹெச் செவன்ட்டி ஃபைவ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். ஜன்னல் பெரிது. அதை எந்தக் கம்பெனியும் அவனுக்குத் தருவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்கும் இரண்டு நாள் போனது. அதற்கடுத்து டாஃபின். பழைய ரகம், வாலில் வளையத்துக்குள் விசிறி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் டாஃபின். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, எதுவானாலும் இரட்டை எஞ்சின்தான் நல்லது என்றார். எல்லாமே இரட்டை எஞ்சின்தான் என்று மாதவன் விளக்கியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. டீக்கடையில் ஒருவன் மைலேஜ் கேட்டான். அதையும் இவன் பெரிய மனுஷனாகப் போய்த் தேடினான்.

மத்தூரிலிருந்து சுமலதாவின் அப்பா ராமப்பனும் போன் செய்தார். "மாப்ள, அது எத்தன ஹெச்பி?" என்று அவர் ஆரம்பித்ததும் சுமலதா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. கம்பெனி காத்திருக்காது. இந்த வேலையும் கை நழுவினால் மறுபடி அந்த ஷேவ் செய்யாத முகத்தைத்தான் அவள் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அதற்கு அவளிடம் இனித் தெம்பு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சென்னை ஆபீஸிலிருந்து சுப்ரியா என்ற பெண் போனில் இருந்தாள். ஆட்களைச் சேர்க்கிற வேலை அவளுடையது. மாதவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"சார், எத்தன தடவ டைம் கேட்டுட்டீங்க நீங்களே சொல்லுங்க. ஈஸ்டா, வெஸ்டா?"

"சொல்லிடறேன் மேடம். ஒரே ஒரு டவுட். தண்ணில எறக்குனாங்கன்னா அடியில விரியிற அந்த மெதவ பை எவ்ளோ பெரிய அலைய தாங்கும்? ரெண்டுலயும் ஒரே மாதிரியா?"

"சார், நான் ஹெச்ஆர்."

"இல்ல மேடம், ஜன்னல் தள்ளுனா கழண்டு வந்துருமா, இல்ல ஏதாவது கொக்கி இருக்கா?"

"சார், நான் ஹெச்ஆர் சார்." அந்தப் பெண்ணுக்குப் பாவம் குரலே கம்மிவிட்டது. "திங்கக்கெழம டிரெய்னிங் லிஸ்ட் மூடறோம். அதுக்குள்ள ஒரு மெசேஜ் போடுங்க. இல்லன்னா அடுத்தவருக்குக் குடுத்துடுவோம். எனக்கும் மேல பதில் சொல்லணும்."

போன் அடங்கியது. சுமலதா ஒரு கையில் செருப்போடு அப்படியே நின்றாள். கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் என்னவோ ஒன்று உறுத்தியது. இத்தனை நாளும் இவன் பைலட்டைப் பற்றிக் கேட்கவில்லை. காற்றைப் பற்றி, மழையைப் பற்றி, எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலிருந்து விழுவதில் இவனுக்குக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை. ஜன்னல், கதவு, மிதவைப் பை, அலை. இவன் கேட்டதெல்லாம் தண்ணீரில் இறங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

"பாஸ்கரண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள்.

பாஸ்கரன் அதே வார்ப்படத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவன். முன்பே கடல் வேலைக்குப் போய் நன்றாக இருக்கிறான். இப்போது அவனுக்கு வீட்டில் இருக்கும் மாதம். மாதவன் தயங்கினான். அவன் தயங்கியதே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. அவளே போட்டாள்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி. எந்த ஹெலிகாப்டரு தண்ணில வுழுந்தா கவுறாது?"

பாஸ்கரன் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் கரகரத்தது. "ஏம்மா, அப்பிடி ஒண்ணு இருந்தா நான் மொதல்ல அதுல ஏறியிருப்பன். எஞ்சினு, கியர்பாக்ஸு, றெக்க, எல்லா கனமும் தலைக்கு மேல. மெதவ பை விரிஞ்சா கொஞ்ச நேரம் நிமிந்து நிக்கும். அலை கொஞ்சம் பெருசா வந்துச்சுன்னா குப்புற. சின்னது பெருசு, புதுசு பழசு, எல்லாம் ஒண்ணுதான். அதுக்குத்தானே டிரெய்னிங் குடுக்கறான்."

"என்னா டிரெய்னிங்கு?"

"நீச்சல் கொளத்துல ஒரு கூண்டு இருக்கும். அதுக்குள்ள பெல்ட்டு போட்டு ஒக்கார வெச்சு, முழுவடிச்சு, தலகீழா திருப்பிடுவான். நீ தண்ணிக்குள்ளயே பெல்ட்ட அவுத்து, ஜன்னல் வழியா வெளிய வரணும். நீச்சல் தெரியாதவனே பாஸ் பண்றான்மா. ஆனா தண்ணியக் கண்டா ஒதறுறவன் பண்ண முடியாது. எங்க பேட்ச்சுல ரெண்டு பேரு அங்கியே சர்ட்டிபிகேட்டு வேணாம்னு ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க. ஏன், மாதவன் எங்க?"

மாதவன் பக்கத்தில்தான் இருந்தான். காலுக்கடியில் தரையில் ஏதோ இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுமலதாவுக்கு ஒகேனக்கல் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் போனபோது, பரிசலில் ஏறுகிற நேரத்தில் இவன் வயிற்றைப் பிசைகிறது என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் தனியாக, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு பரிசலில் போய் வந்தாள். திரும்பி வந்தபோது இவன் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயிற்று வலிக்காரன் மீன் தின்பானா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாது" என்றாள், போனை வைத்துவிட்டு.

"தெரியாது."

"அவ்ளோதானா?"

"நீச்சல் மட்டும் இல்ல சுமா. தண்ணி மூக்குக்கு மேல வந்தாலே எனக்கு மூச்சு நின்னு போயிடும். தலைக்கு ஊத்தும்போதுகூடக் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுதான் ஊத்துவேன். எங்கப்பா ஊரு அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டு. குடிக்கவே லாரில வர்ற ஊரு. இங்க பொறந்து, குழாத் தண்ணில வளந்தவன் எங்க போய்க் கத்துக்கறது?"

அவளுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. கையிலிருந்த செருப்பைச் சுவர் ஓரமாக வீசினாள். "கீழ்வீட்டுக்காரருகிட்ட பேசுவீங்க, டீக்கடக்காரன்கிட்ட பேசுவீங்க. அந்தப் பொண்ணு சுப்ரியா உசுர வாங்குவீங்க. கட்டுனவகிட்ட இத ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? நான் என்னா உங்கள ஊர்ல பறையடிச்சா சொல்லப்போறன்?"

"நீ மைசூர்பாகு குடுத்துட்ட" என்றான் அவன் பரிதாபமாக. "எல்லாருக்கும். அதுக்கப்பறம் எப்பிடிச் சொல்றது?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, "நெசமாச் சொல்லுங்க. அந்த வேலைக்குப் போவணும்னு ஆச இருக்குதா, இல்லியா? இல்லன்னா இப்பவே வுட்டுடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை.

"இருக்கு." அவன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். "இன்டர்வியூல அந்தக் கிரேன் போட்டோ காட்டுனாங்க. அலையில ஆடுற படகுலேர்ந்து சரக்கத் தூக்கி மேடை மேல வெக்கிற கிரேன். அது மேல கைய வெக்கணும் சுமா. வீட்டுல ஒக்காந்து ஒக்காந்து எனக்கே என்னப் பாக்கப் புடிக்கல."

"அப்ப காலைல மத்தூருக்குக் கெளம்புங்க. எங்கப்பன் கெணத்துல தண்ணி ஏறி நிக்குது."

கிளம்புகிற வரைக்கும் அவன் சும்மா இருந்தானா? சானமாவு காட்டுப் பக்கம் யானை நிற்கிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறான் என்றான். சானமாவு ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறது, நாம் போவது கிருஷ்ணகிரி ஹைவேயில் என்று அவள் ஹெல்மெட்டை அவன் தலையில் கவிழ்த்தாள். பைக் கிளம்பியது.

ராமப்பனுக்கு மாந்தோப்பு நடுவே பாறையில் வெட்டிய கிணறு. ஒரு பக்கம் படி. ஐப்பசி மழையில் பாதிப் படி வரைக்கும் தண்ணீர் பச்சையாக நின்றது. போச்சம்பள்ளி சிப்காட்டில் கம்பெனி பஸ்களைக் கழுவுகிற வேலை அவருக்கு. விடுமுறை போட்டுவிட்டு வந்து கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மகள் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு கிணற்றில் குதித்ததும், "ஏனு கர்மா இது" என்று கன்னடத்தில் முனகினார். அவருக்குக் கோபமோ மானக்கேடோ வந்தால் தமிழ் ஓடிவிடும்.

"மாப்ள, நீங்க ஏன் அந்த சின்ன வண்டியவே எடுக்கக் கூடாது? சனம் கொறவா இருந்தா தள்ளுமுள்ளு இருக்காது பாருங்க. நம்ம கம்பெனி பஸ்ஸுல கதவண்ட பாத்திருக்கீங்களா?"

"அப்பா, நீ சும்மா இரு" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள் சுமலதா. "எறங்குங்க நீங்க!"

மாதவன் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி இறக்கினாள். அந்த ஊரில் குழந்தைகளுக்குக் கட்டுகிற மாதிரிதான். மீசை வைத்த ஆள் வெள்ளைக் கேனோடு படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க அக்கம்பக்கத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நாகம்மா என்ற பக்கத்துக் காட்டுக்காரி, "மாப்ளைய முழுவடிச்சுக் கொல்லவா கூட்டியாந்த?" என்று மேலிருந்து கேட்டாள். சுமலதா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையை விடு என்றால் விடமாட்டான். விட்டால் அவள் கழுத்தைப் பிடிப்பான். மூஞ்சியைத் தண்ணீரில் வை என்றால், வைத்துவிட்டேன் என்பான், தாடை மட்டும் நனைந்திருக்கும். அன்று மதியத்துக்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. இவனுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு எருமைக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், எருமைக்கு ஏற்கெனவே தெரியும் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் சாயங்காலம் அவன் தலையை முழுக்க உள்ளே வைத்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. மேலே வந்து, "உள்ள பச்சையா இருக்கு" என்றான், என்னவோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போல. ஞாயிறு காலையில் கேன் இல்லாமல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். நீச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. மூழ்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது அவனுடைய யோசனை. தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். கிணற்று மோட்டாரைத் தூக்குவதற்காக மேலே மூன்று இரும்புக் குழாயை நட்டுச் செயின் பிளாக் மாட்டியிருந்தது. ஆயிரம் தடவை கையாண்ட சாமான். மாமனாரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டான். கெட்டுப்போய் நின்ற டாடா ஏஸ் வண்டியிலிருந்து சீட் பெல்ட்டை அறுத்து நாற்காலியில் பூட்டினான். தண்ணீருக்குள் பிய்த்துக்கொண்டு மிதக்காதபடி நாற்காலிக் காலில் கல் கட்டினான். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைப் பக்கவாட்டில் கட்டினான். அதுதான் ஜன்னல். நாற்காலியைச் செயின் கொக்கியில் தொங்கவிட்டான். நாற்காலியைத் தலைகீழாகப் புரட்ட ஒரு கயிறு, அது ராமப்பன் கையில்.

"ஒரு கை ஜன்னல விடக் கூடாது. ஒரு கை பக்கிள்ல. எல்லாம் ஆடி அடங்குற வரைக்கும் பெல்ட்ட அவுக்கக் கூடாது. மொதல்லயே அவுத்தா எது மேல எது கீழன்னு தெரியாது" என்று மேட்டில் நின்றவர்களுக்கு அவன் விளக்கினான். போனில் வீடியோ பார்த்ததெல்லாம் வீண் போகவில்லை. அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சுமலதா இந்த மனுஷனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

முதல் தடவை, புரட்டிய உடனே பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். தண்ணீர் குடித்து, நாற்காலிக் காலில் முட்டி, இருமிக்கொண்டு மேலே வந்தான்.

"மாப்ள, இது நைன்ட்டி டூவா, ஒன் தேர்ட்டி நைனா?" என்றார் ராமப்பன்.

மேட்டில் சிரிப்பு அடங்கவில்லை. "தண்ணிக்குள்ள எல்லாம் ஒண்ணுதான் மாமா" என்றான் மாதவன் மூக்கைச் சிந்திக்கொண்டே. "மறுக்கா எறக்குங்க."

இரண்டாவது தடவை செயின் கடகடவென்று இறங்கியது. இடுப்பு, மார்பு, கழுத்து. அவன் சுமலதாவைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். ராமப்பன் கயிற்றை இழுத்தார். நாற்காலியின் கால்கள் ஒரு கணம் மேலே தெரிந்து மறைந்தன. குமிழிகள் வந்தன. பிறகு குமிழிகள் நின்றன.

படியில் உட்கார்ந்திருந்த சுமலதா எழுந்தாள். வரவேண்டிய நேரத்தில் அவன் வரவில்லை. தண்ணீர் ஒன்றும் நடக்காத மாதிரி மூடிக்கொண்டு கிடந்தது. மேட்டில் யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் குதித்துவிட்டாள்.

உள்ளே பச்சை, அதற்குக் கீழே கருப்பு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். நாற்காலி கைக்கு வந்தது. தலைகீழாகத் தொங்கியது. பெல்ட் கையில் தட்டியது, அவிழ்ந்து துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. உட்காரும் இடத்தைத் தடவினாள், முதுகைத் தடவினாள், ரிம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். யாரும் இல்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன், நான்தான், என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. இன்னும் கீழே போகப் பார்த்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போல ஆகி மேலே வந்து, "அப்பா, அவரக் காணோம்!" என்று கத்தினாள்.

மேட்டில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மாதவன் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். இவள் ஒரு பக்கம் குதித்தபோது அவன் மறுபக்கம் வெளியே வந்திருக்கிறான்.

"நீ எங்க போன?" என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. "ஆடி அடங்குற வரைக்கும் இருந்தேன் சுமா. எண்ணி எண்ணி இருந்தேன். அப்பறம்தான் அவுத்தேன். பாத்தியா இல்லியா?"

அவள் நீந்தி வந்து அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதோடு தீரவில்லை, இன்னொன்று வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

"போன எடு. சுப்ரியா மேடத்துக்கு மெசேஜ் போடு. ஈஸ்ட்டோ வெஸ்ட்டோ, அவங்களுக்கு எது தோதோ அது. டிரெய்னிங்குக்கு வர்றேன்னு போடு" என்றான்.

போன் படி மேல் துண்டில் இருந்தது. அவன் கை ஈரம், அவள் கை ஈரம். ஈரம் படாத ஒரே கை ராமப்பனுடையது, அவருக்கு மெசேஜ் போடத் தெரியாது. அப்பாவின் துண்டை வாங்கிச் சுமலதா கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதமாக இதை அனுப்பு அனுப்பு என்று அவன் பிராணனை வாங்கியவள் அவள். வெறும் நாலு வார்த்தை. கிணற்றுக்குள் அந்த வெற்று நாற்காலியைத் தடவிய கை அது, எழுத்தில் போய் அமரவே மாட்டேன் என்றது.

"என்னா, டவர் இல்லியா?" என்றார் ராமப்பன்.

"இருக்குது" என்று எரிந்து விழுந்தாள். எழுதினாள். அனுப்பினாள். உடனே பதிலும் வந்தது, தேங்க்யூ சார் என்று. ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெண் இதற்காகவே காத்திருந்திருப்பாள் போல.

மேட்டில் கூட்டம் கலைந்தது. ராமப்பன் செயினை ஏற்றி நாற்காலியை அவிழ்க்கப் போனார். சுமலதா மாதவனுக்கு ஒரு படி கீழே, தண்ணீரில் காலை வைத்தபடி உட்கார்ந்தாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"எனக்கு பயமா இருக்குதுங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றான் மாதவன். இத்தனை நாளாக ஊரிலுள்ள ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்த சொல் அது. இப்போது தண்ணீர் கேட்பது போல அத்தனை சுலபமாகச் சொன்னான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். சோறு ஆறுகிறது என்று ராமப்பன் மேலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார். போ போ என்று விரட்டியவள் அவள்தான், பிடித்த கையை விடவும் அவளுக்கு வரவில்லை.